சொட்டு

நாள் முழுக்க என் போனில் ஒரே புகார்:
"அண்ணே, ஏசி சொட்டுது."
அயனாவரத்தில் சொட்டுது, ஷெனாய் நகரில் சொட்டுது,
கெல்லீஸில் ஒருத்தருக்கு டிவி மேலேயே சொட்டுது.
ஏணியில் ஏறி, பைப்பில் வாய்வைத்து ஊதினால்
பாசியும் பல்லிமுட்டை ஓடும் வந்து விழும்.
ஐந்நூறு ரூபாய். அடுத்த வீடு.

புளியந்தோப்புக்குத் திரும்பினால்
மூன்றாம் மாடியில்
ஆதிரைக்குச் சொட்டுது.

ஐந்து மாதக்காரி.
மூக்கென்று சொல்ல ஒரு பட்டாணி;
அதற்குள் எங்கிருந்து இவ்வளவு தண்ணீர்?
தலைக்கு ஊற்றியதால்தான் என்கிறது எதிர்வீடு.
ஜான்சி மோர் குடித்ததால்தான் என்கிறது கீழ்வீடு.
ஊரார் குளிரையெல்லாம் சட்டையில் சுமந்துவந்து
பிள்ளைமேல் இறக்கிவிட்டாய் என்கிறது
எனக்குள் ஒரு வீடு.

நாலு மிடறு குடிக்கிறாள். விடுகிறாள்.
வாயால் ஒரு மூச்சு. மறுபடி நாலு மிடறு.
பாலுக்கும் காற்றுக்கும் நடுவில்
யாரை முதலில் விடுவதென்று தெரியாமல்
அழுகிறாள். ஜான்சியும்.

டாக்டரம்மா மூக்கைப் பார்க்கவேயில்லை.
சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார்.
"விலா உள்ளே இழுத்தா, பால் வேணாம்னா,
நடுராத்திரின்னு யோசிக்காதீங்க, வந்துடுங்க.
இப்போ உப்புத்தண்ணி சொட்டு போதும்."
டானிக்?
"வேணாம்."
பச்சையா மாறினா?
"மாறும். தானா போகும்."
எப்ப நிக்கும் மேடம்?
"ஏன் நிறுத்தணும்? கழுவிட்டிருக்கு.
பத்து நாள் கழுவட்டும்."

பதினாறு வருஷத் தொழில்.
சொட்டினால் பழுது என்றே படித்த கை.

இரவு இரண்டு மணி.
மடியில் மல்லாத்தி, பக்கத்துக்கு ஒரு சொட்டு.
நம்பிக் கெட்டவள்போல் என்னைப் பார்த்தாள்.
ரப்பர் குமிழை அமுக்கிப் பிடித்து
ஓரத்தில் வைத்து மெல்ல விட்டேன்.
எத்தனை பைப்பை ஊதியிருக்கிறேன்,
கை நடுங்கியது இதற்குத்தான்.

பிறகு குடித்தாள். விடாமல் குடித்தாள்.
தூங்கியபின் மூக்கு நுனியில் ஒரு நுரைமுட்டை
உப்பியது, சுருங்கியது, உப்பியது.
போனில் நிமிடம் வைத்து
வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மறுபடி எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
வெளியே மழை சன்ஷேடில் அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் கெல்லீஸ்காரர் மறுபடி கூப்பிட்டார்.
ஏணிமேல் நிற்கையில் கீழிருந்து கேட்டார்:
"தோள்ல என்னப்பா, பெயின்ட்டா?"

நத்தை போன தடம்போல் காய்ந்து மினுங்கியது.
ஆமா சார் என்றேன்.