இருபது வளைவு

நேர்காணலில் கேட்டார்கள்:
நாற்பத்து மூன்று வயதில் எதற்கும்மா இந்த வேலை?
எடைமேடைக்குப் பக்கத்தில்
கிழங்கு லாரியின் நிழலில் ஒருவர் சரிந்ததையும்
நான் ரசீதுப் புத்தகத்தோடு நின்றதையும் சொன்னேன்.
உண்மைதான்.
பழைய சம்பளத்தைவிட இங்கே
இரண்டாயிரத்து ஐநூறு கூட என்பதும் உண்மை.
அதைச் சொல்லவில்லை.
அறக்கட்டளை வண்டி. வயது வரம்பு பார்க்காது.

பதினேழு வருடம் சேகோ ஆலையில்
மரவள்ளிக்குப் பாயிண்ட் பார்த்தவள் நான்.
தண்ணீரில் முக்கிய கிழங்கு
முள்ளை எங்கே நிறுத்துகிறதோ அதுதான் விலை.
இருபத்தாறு என்றால் விவசாயி முகம் தொங்கும்
இருபத்தெட்டு என்றால் முதலாளி முகம்.
இப்போது விரல் நுனியில் கிளிப்பை மாட்டி
தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஒன்று
என்று வாசிக்கிறேன்.
இந்த எண்ணுக்கு
பேரம் பேச எதிரில் ஆளில்லை.

பயிற்சி கொடுத்த ஷப்னம்
என் மகளைவிட ஒரு வயது மூத்தவள்.
"அக்கா, மாவா பிசையறீங்க? முழங்கை மடங்குது, அமுக்குங்க."
முப்பது எண்ணி முடித்தபோது
ரப்பர் பொம்மை பிழைத்துக்கொண்டது.
சிமெண்ட் தரையில்
என் முழங்கால்தான் பிழைக்கவில்லை.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு:
மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது.
போட்டதோ ஏற்காட்டு வண்டி.
டிரைவர் அமலதாஸ் மூன்றாம் நாளே கண்டுபிடித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில்
ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் தொங்கியது.

தை மாதம். மிளகு பறிப்பு.
செம்மநத்தம் தாண்டி ஒரு காபித் தோட்டம்.
சில்வர் ஓக்கில் சாத்திய ஏணி
தனியாக நின்றுகொண்டிருந்தது.
கீழே சடையன், வயது ஐம்பதோ அறுபதோ.
கழுத்துக்குப் பட்டை கட்டி
பலகையில் ஏற்றி
காபிச் செடிகளை இடுப்பால் விலக்கிக்கொண்டு
நான்கு பேர் தூக்கி வந்தோம்.
அவர் மனைவி முன் சீட்டில் ஏறினாள்,
பறித்த கூடையைக் கீழே வைக்க மறந்து.

"தூங்கக்கூடாதுங்க, பேசிட்டே வாங்க."
அசைக்க முடியாத தலையோடு
வண்டியின் கூரையைப் பார்த்துக் கேட்டார்:
"எத்தனாவது வளைவு?"
கண்ணாடியில் ஸ்டிக்கர். எனக்கும் வெளியே தெரியாது.
வயிற்றைக் கேட்டுச் சொன்னேன், "பதினாறு."
"பதினஞ்சு. இங்கதான் வண்டி இடப்பக்கம் அள்ளும்."

அப்புறம் இருவருமாய் இறங்கினோம்.
பதினான்கு. பதிமூன்று.
பத்தில் அவர் குரல் தேய்ந்தது.
ஒன்பதில் ஆளே பேசவில்லை.
விரலில் எண்பத்தொன்பது.
ஆக்சிஜனைத் திருகிக் கூட்டினேன்.
ஷப்னம் சொல்லித் தராத எதையோ தேடி
வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்:
"பதிமூணு வந்துடுச்சுங்க."
பதில் இல்லை.
"பதிமூணுங்க!"
வண்டி ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது.
உதடு மட்டும் அசைந்தது:
"எட்டு...
கணக்கு வராதா உனக்கு?"

அடிவாரம், கோரிமேடு,
அஸ்தம்பட்டி சிக்னலில் ஒதுங்காத ஒரு கார்.
ஜி.எச்.சில் ஒப்படைத்து
நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு
சுவரோரமாய்ப் போய்
அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கக்கினேன்.
அமலதாஸ் அந்தப் பக்கம் திரும்பி
டயரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த வார்டில் விசாரித்தேன்.
மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.
எங்கே என்று சொன்னவர் இல்லை.
பினாயில் விட்டுத் தரையைத் தேய்க்கையில்
பலகைக்கு அடியில் பச்சை மிளகு,
அவர் மடியிலிருந்து உதிர்ந்தது,
ஏழெட்டு மணி.
ஒன்றைத் துடைத்து வாயில் போட்டேன்.
காரம் நாக்கைப் பிடித்தது. வயிறு அடங்கியது.

போன் அடித்தது. நாகலூர், பிரசவ வலி.
ஏறும்போது கணக்கு கீழேயிருந்து தொடங்கும்.
முதல் திருப்பத்தில்
"ஒண்ணு" என்றேன்,
யாரும் கேட்காமலேயே.
அமலதாஸ் ரேடியோவைக் குறைத்தார்.