இளங்கொடிப் பதிவேடு

பிசானம் அறுத்த வயலில் கிடை.
கோபாலசமுத்திரத்துக்குத் தெற்கே, கால்வாய்க் கரை.
இரவு இரண்டு பத்து.
என்னிடம் மீன் நிறுக்கிற கொக்கித் தராசு,
இரண்டு ஜோடி கையுறை, மை கசியும் பேனா,
பாதி நிரம்பிய பதிவேடு.
முப்பிடாதியிடம் டார்ச்.
வெளிச்சம் போகிற பக்கமெல்லாம்
செவ்வாடுகளின் கண்கள் பச்சையாய்ப் பற்றி
அணைகின்றன.

காது மடங்கின பெட்டை. மூணாம் ஈத்து.
குட்டி விழுந்து மூன்று மணி நேரம்.
இளங்கொடி இன்னும் வரவில்லை.
இழுக்கக் கூடாது என்கிறது பாடம்.
இழுத்துப்புடாதிய என்கிறாள் முப்பிடாதி.
இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்
செய்ய என்ன இருக்கிறது,
வரப்பில் உட்கார்ந்தோம்.

விழுந்தது.

உரச்சாக்கின் மேல் பரத்தினேன்.
கருப்பையின் இரண்டு கொம்புக்கும் அளவெடுத்த
இரண்டு கைச் சட்டை.
சட்டை முழுக்கப் பொத்தான்கள்,
கருஞ்சிவப்பில்,
சில புளியங்கொட்டை அளவு, சில உளுந்தவடை.
ஒவ்வொன்றும் தாயின் சுவரிலிருந்த
ஒரு கிண்ணத்துக்குள் விரல் நுழைத்துப்
பிடித்திருந்தது.
பிடித்திருந்ததே தவிர, கலக்கவில்லை.
ஐந்து மாதம்
மயிரிழை தூரத்தில் ஓடிய இரண்டு ரத்தம்,
ஒன்றின் ருசி மற்றதற்குத் தெரியாது.

"எத்தன பூ?"
அவள் பேச்சில் அது பூ.
புத்தகத்தில் வேறு பெயர்.
எழுபத்து நாலு, என்றேன்.
கொடி முந்நூற்றுப் பத்து கிராம்.
குட்டி இரண்டு கிலோ நானூறு.
வகுத்தால் ஏழே முக்கால்.
நல்ல ஆடு. சிறிய கொடியில் பெரிய குட்டி.

போன வருசம் மழை இல்லை.
அந்தப் பக்கங்களைப் புரட்டினால் கணக்கு தலைகீழ்:
கொடி கனம், குட்டி பஞ்சு.
பசித்த ஆடு உள்ளே பூக்களை அகட்டிப் பார்த்திருக்கிறது,
சரக்கில்லாத கடைக்காரன்
வாசலை அகலப்படுத்துவது போல.

மாட்டுக்கென்றால் ஓலைப்பெட்டியில் கட்டி
ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள்.
ஆட்டுக்கு?
"ஆட்டுக்கு யாரு மரமேறுவா,
நாய் தோண்டாத ஆழத்துல பொதைக்கணும்."
மண்வெட்டி எடுத்துப் போனாள்.

என்னுடையது ஐகிரவுண்டில், நாலாவது மாடி.
நமக்குப் பூக்கள் கிடையாது, ஒரே தட்டு.
தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள்
மஞ்சள் பையில் போய்விட்டது.
எடை என்ன என்று கேட்டேன்.
"ஒண்ணு எழுநூறு, கண்ணாடிப் பெட்டில வச்சிருக்கு"
என்றாள் நர்ஸ்.
நான் பிள்ளையைக் கேட்கவில்லை என்று
சொல்ல நாக்கு வரவில்லை.
இன்றுவரை யாரிடமும் வரவில்லை.

மண் மூடிவிட்டு வந்தவள்
குட்டியைத் தூக்கி மடியில் முட்டவைத்தாள்.
இந்தக் கொடி எல்லாம் கொடுக்கும்,
சர்க்கரை, மூச்சு, சுண்ணாம்பு.
நோய் தடுக்கிற ஒன்றை மட்டும் கொடுக்காது.
வழி இல்லை, அத்தனை கெட்டிச் சுவர்.
அது சீம்பாலில்தான், முதல் சில மணி நேரத்துக்குள்.
பிறகு குட்டியின் குடல் கதவைச் சாத்திக்கொள்ளும்.
வால் துடித்தது. காம்பு கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது ஒரு பாலாடை.
பிழிந்து ஊற்றிக் கொண்டு போவேன், கை நடுங்க,
நாலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு,
லிஃப்ட் ஓடாத நாட்களில்
ஒவ்வொரு படியிலும் அளவைப் பார்த்தபடி.
இப்போது அவனுக்கு ஐந்து வயது,
சோப்புக் குமிழியை விரட்டுகிறான்.

பேனாவை உதறி, பதிவேட்டின் கடைசித் தாளில்
கோடு போட்டேன்.
ஈத்து: முதல்.
குட்டி: 1.700.
கொடி:

"டாக்டரம்மா."
டார்ச் திரும்பிவிட்டது.
வலையோரம் ஒரு கிழட்டுப் பெட்டை
முன்னங்காலால் தரையைக் கீறுகிறது,
படுக்கிறது, எழுகிறது,
மறுபடி கீறுகிறது.