குறைந்தபட்சத் தேவை

பதினாறு ஜிபி ராம். இது குறைந்தபட்சம்.
முப்பத்திரண்டு இருந்தால் நல்லது என்கிறார்கள்.
காலியிடம் நூற்று எண்பது ஜிபி.
பாம்பனில் ஒரு வீட்டில் அவ்வளவு காலியிடம் வேண்டுமென்றால்
யாரையாவது கட்டிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.
பழைய விளையாட்டுகளை அழித்தேன்.
பிறகு கல்லூரி ஃபோட்டோக்கள்.
பிறகு அண்ணன் கல்யாண வீடியோ, இரண்டாம் பாகம்.
அவன் முதல் பாகத்தையே இன்னும் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்தால்
ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெள்ளைப் பொடி.
கச்சான் காற்றுக்கு விலை தெரியாது.
சைக்கிள் செயினைத் தின்ற வாயாலேயே
மதர்போர்டையும் நக்கிப் பார்த்திருக்கிறது.
பழைய பல் பிரஷ், ஒரு பாட்டில் ஸ்பிரிட்,
ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போயிற்று.
நான் பூசைக்கு வராததை ஃபாதர் கேட்டதற்கு
காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள்.
பொய்யில்லை.
பிராசசர் தொண்ணூற்று நாலு டிகிரி.

பேஸ்ட் பச்சரிசி அளவு போதும் என்றாள் முஃபீதா.
மொச்சை அளவு வைத்தேன், ஓரத்தில் பிதுங்கியது.
துடைத்தேன். மறுபடி.
காற்று நுழையும் பக்கம் கொசுவலைத் துண்டு,
செருப்புக்கடை அட்டைப்பெட்டிகளில் பொறுக்கிய
'தின்னாதே' பொட்டலங்கள் பதினொன்று,
கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஆணி.

முஃபீதா கீழக்கரை.
நேரில் பார்த்தது இரண்டே முறை,
இரண்டு முறையும் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்.
ஷார்ஜாவிலிருந்து அவள் மச்சான் புதுக் கார்டு கொண்டுவர
பழையது எனக்கு வந்தது, ஆறு தவணையில்.
மூன்று கட்டியாயிற்று.
தடைக்காலத்தில் எனக்கு அரைச் சம்பளம் என்பதால்
நாலாவதை அவள் கேட்கவில்லை.
கேட்காத அந்தப் பணத்தைத்தான்
தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டில் ஒரு மலை இருக்கிறது.
ஒரே கயிறு, இரண்டு பேர்.
ஒருத்தி வழுக்கினால் மற்றவள் தாங்க வேண்டும்.
பனித் துகள் ஒவ்வொன்றும்
தனித்தனியாகக் கணக்குப் போட்டு விழுமாம்.
அதற்குத்தான் இவ்வளவு சூடு.

நான் ஐஸ் பிளாண்டில் பில் போடுகிறவள்.
முழுப் பார் ஒரு விலை, உடைத்துக் கொடுத்தால் ஒரு விலை.
அறுபத்தொரு நாளாகக் கம்ப்ரசர்களில் ஒன்று மட்டும் ஓட,
மற்றவை சாக்குப் போர்த்தித் தூங்கின.
நானும் பகலில் பில்புத்தகத்துக்கு அடியில் வைத்து
ஃபேன் விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் தேதியைச் சொன்னார்கள்:
ஜூன் பதினாலு, இரவு பத்தரை.
தடை முடிவதும் அன்றைக்கே, நள்ளிரவில்.

உலகத்தில் வேறு இரவே இல்லையா?

இரவு பதினொன்று. சாக்குகளை உருவியாயிற்று.
எல்லாக் கம்ப்ரசரும் ஒன்றாக இருமுகின்றன.
ஜெட்டியிலிருந்து பிளாண்ட் வாசல் வரை
டிரை சைக்கிள், ஏச்சு, பீடி வெளிச்சம்.
வீட்டிலிருந்து தம்பி ரெமி எழுதுகிறான்:
'டவுன்லோடு நாற்பது. வோல்டேஜ் நூற்றெழுபது.'
'நூற்றைம்பத்தெட்டு. டியூப் லைட் கண்ணடிக்குது.'
'ஸ்டெபிலைசர் டக்குன்னுச்சு. நின்னுபோச்சு.'
'அக்கா, உன் பிளாண்ட்தான் இழுக்குது.'
தெரியும்டா.
இழுப்பதற்கு ரசீது போடுகிறவளே நான்தான்.

இரண்டு மணிக்கு
உடைக்கிற மெஷின் வாயிலிருந்து
ஐஸ் தூளாகப் பறந்தது, விளக்கடியில்,
என் மேசை மேல், கார்பன் தாள் மேல்.
'பாரு தாயி, காஷ்மீரு' என்றார் சம்மாட்டி இருதயசாமி.
கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
இதில் அம்மோனியா வாடை, போன வருஷத்து மீன் வாடை.
இதைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.
எனக்கு வேண்டியது அந்தப் பனி.

முஃபீதாவின் குரல் ஒன்று வந்திருந்தது, ஏழு விநாடி:
'அடிவாரத்துல நிக்கிறேன். ஏறல.
கயித்துல உன் பக்கம் சும்மா ஆடுது.'
அதன்கீழே ரெமி:
'கரண்ட் சரியாச்சு. எழுபத்திரண்டு.'

இருதயசாமிக்கு
நாற்பது பார் என்று எழுத வேண்டிய இடத்தில்
எழுபத்திரண்டு என்று எழுதி,
அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.