சிறகு முப்பத்தெட்டு

புளியரை கால்நடை முகாமில் எனக்குத் தினக்கூலி.
மேற்கிலிருந்து வரும் சக்கரங்களுக்கு மருந்தடிக்கும் வேலை.
ஆலப்புழையில் வாத்துகளுக்குக் காய்ச்சல்.
முட்டை வண்டி திரும்பிப் போகும்.
ரப்பர் வண்டி குளித்துவிட்டு உள்ளே வரும்.

விடியுமுன் சஜிமோன் லாரியை ஓரங்கட்டினான்.
மேலுக்குச் சட்டையில்லை.
சட்டை இருக்கையில் இருந்தது,
சட்டைக்குள் பறவை.
'தானா வந்து இடிச்சதா சேச்சி,
ஞான் இடிச்சதல்ல.'

மஞ்சள் அரைத்துப் பூசி
அலம்ப மறந்த முகம்.
கண் அதைவிட மஞ்சள்.
பிடரியில் கறுப்பும் வெள்ளையுமாய்க் குடுமி,
நான் கிட்டே போனதும் விரிந்தது.
அலகோரம் ஒரு பச்சைப்பாம்பு
பாதி உள்ளே, பாதி வெளியே.
சாவடிக்கு வருவதெல்லாம் அப்படித்தான் வருகிறது.

மைமூன் டாக்டர் தூக்கக் கலக்கத்தில் வந்து
துணிக்கடை நாடாவால் அளந்தார்.
சிறகு முப்பத்தெட்டு.
எலும்பு முறியவில்லை, அதிர்ச்சிதான்.
'பாம்புக் கழுகு. நம்ம பக்கத்து வகை.
இமயமலை அடிவாரத்துல இருக்கிறது
இதைவிடப் பெரிசு, நிறமும் கறுப்பு.
இலங்கையில இன்னும் சின்னது.
நிக்கோபார் தீவுல பார்த்தா
அண்டங்காக்கைன்னு நினைப்பே.
எல்லாம் ஒண்ணா, வேற வேறயா,
படிச்சவங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க.'

நான் பிறந்தது தென்மலைக்கு அந்தப் பக்கம்.
அங்கே வாயைத் திறந்தால் பாண்டிக்காரி.
செங்கோட்டைச் சந்தையில்
'சக்கை என்ன விலை' என்று கேட்டுவிட்டேன்,
மலையாளத்தாள் என்று பத்து ரூபாய் ஏற்றினான்.
என்னை யார் நாடா வைத்து அளந்தது?

படிவம் வந்தது.
பிடிபட்ட இடம்: எஸ் வளைவு.
எந்த மாநிலம்?
'வளைவுக்கு மேலயா கீழயா?'
'மஞ்ஞு சாரே, ஒண்ணும் கண்டில்ல.'
சுவரில் ஒட்டிய உத்தரவைக் காவலர் வாசித்தார்:
கேரளத்திலிருந்து எந்தப் பறவையும்.
எந்த என்றால் எந்த.
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
சஜிமோனுக்கு மதுரையில் ஒன்பது மணிக்குச் சரக்கு இறக்கணும்.
வெறும் மேலோடு போய்விட்டான்.

முட்டை அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு
மொபெட்டின் பின்னால் கட்டினேன்.
ஏற்றத்தில் வண்டி இருமியது.
பெட்டிக்குள் நகம் பிறாண்டும் சத்தம்
என் முதுகுக்கு நாலு விரல் தள்ளி.

கோட்டைவாசலில் திறந்துவிட்டேன்.
பறக்கவில்லை.
கிலோமீட்டர் கல்லில் ஏறி உட்கார்ந்தது.
மிச்சப் பாம்பை நிதானமாக விழுங்கியது,
நூல் கோக்கிறவள் மாதிரித் தலையைச் சாய்த்து.
பிறகு பின்புறம் தூக்கி
கல்லின் மேல் வெள்ளையாய் எச்சமிட்டது.
எந்த ஊருக்கு எத்தனை தூரம் என்பது
கொஞ்சம் மறைந்தது.
தேக்குக்குள் அது போனதை நான் பார்க்கவில்லை.
மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டையை மூன்று முறை துவைத்தேன்.
அடுத்த வாரம் வாங்கி முகர்ந்தான் சஜிமோன்.
'பாம்பிண்டே மணம் போயில்ல.'
ஆனாலும் அங்கேயே போட்டுக்கொண்டான்.

படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
மதியம் மலைக்கு மேலே
கீ கீ, கிளீயூ என்று கூப்பிட்டது.
அதேதானா, வேறு ஒன்றா.
அண்ணாந்த நேரத்தில் ஒரு வாத்து வண்டி.
கையை நீட்டி நிறுத்தினேன்.
திருப்பச் சொன்னேன்.
முன்னூறு கழுத்துகள்
கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தபடி
மேற்கே போயின.