அரை லிட்டர்

பாரத்தில் முதல் கட்டம் பெயர்.
தண்ணிமலை, அனாக் லெலாக்கி சடையப்பன்.
பினாங்கு மலைக்கு நேர்ந்து பெற்றதால்
அம்மா வைத்தது.
அர்த்தம் கேட்ட மிஸ்ஸி நோர்லைலா
'புக்கிட் ஆயேரா!' என்று சிரித்துவிட்டு
என் அளவை அட்டையில் எழுதினாள்:
நாளுக்கு அரை லிட்டர்.
கஞ்சியும் அதில் சேர்த்தி.
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேர்த்தி.

மலை இப்போது கணுக்காலில் இறங்கி நிற்கிறது.
கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும்.
பத்து எண்ணும்வரை மூடாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் குளுவாங் ஆஸ்பத்திரி.
வேன் ரெங்கம் பட்டணத்தைக் கடக்கும்போது
கம்பி வலை வழியே பார்த்துக்கொள்வேன்:
ரயில் கேட், ரொட்டிக்கடை, காளி கோயில் வளைவு,
பிறகு செம்பனை, செம்பனை, செம்பனை.
நான் உள்ளே போன வருசம் நட்ட கன்றுகளுக்கு
இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது கட்டம் விலாசம்.
முப்பத்தேழாம் நம்பர், மேல் லயம் என்றேன்.
பரோல் அதிகாரி ஹஃபிஸ் நல்ல பையன்,
லீவு நாளில் மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.
'அங்கிள், அங்கே லயம் இல்லை.
கோழிப்பண்ணை இருக்கிறது.'

மகள் ஜொகூர் பாருவில்.
போட்ட கடிதம் திரும்பவில்லை, பதிலும் வரவில்லை.
பிரிக்காமலாவது வைத்திருக்கிறாள் என்று
நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

மிஷினுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் ஆ செங்.
ரெங்கத்தில் சைக்கிள் கடை.
தோட்டத்துத் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தையோடு.
நாற்காலியோடு பூட்டிய என் விலங்கைக் காட்டி
'இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கடா ஓடப் போறே' என்பார்
வார்டர் காதுபட.
ஒரு சனிக்கிழமை,
இருவர் ரத்தமும் வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருக்க,
'கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு சும்மாக் கெடக்கு.
டயர் நாத்தம் அடிக்கும்.
பரவால்லேன்னா எழுதிக்க' என்றார்.

எழுதினோம்.

மூன்றாவது பாரத்தில் இல்லாத கட்டம்.
ஹஃபிஸ்தான் சொன்னான், பேனாவைப் பார்த்துக்கொண்டே:
அந்தக் குடும்பத்தையும் கேட்கணும்.

அந்தக் குடும்பம்.
தோட்டம் கைமாறி, எங்களைக் கிளப்புவதற்காகத்
தண்ணியை நிறுத்திய வருசம் அது.
அறுபது வீட்டுக்கு ஒரே பைப்பு,
விடியுமுன்னே ஒரு மணி நேரம்.
காத்தமுத்து என் வாளியைக் காலால் தள்ளினான்.
அவ்வளவுதான் என்று கோர்ட்டில் சொன்னேன்.
அவ்வளவுதான் இல்லை.
முந்தின நாள் அவன் வாளியை நான் தள்ளியிருந்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
வேலைக்குப் போகிற நேரம்,
கையில் பாராங் இருந்தது.
குழாயடிச் சண்டை என்று பேப்பரில் போட்டார்கள்,
யாரோ முடியைப் பிடித்துக்கொண்டதுபோல.

பவுனம்மா இப்போது மலிவு வீட்டில்,
சைக்கிள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி.
ஹஃபிஸ் போனபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம்.
கடைசித் துணிவரை அவனை நிற்கவைத்தாளாம்.
என்ன வியாதி என்றாளாம். சொன்னானாம்.
எத்தனை நாள் தாங்கும் என்றாளாம்.
தெரியாது என்றானாம்.

'வரட்டும்.
என் வாசல்ல வந்து
தண்ணி மட்டும் கேக்கக் கூடாது.'

மலாயில்தான் சொல்லியிருப்பாள்,
அவனும் மலாயில்தான் சொன்னான்.
எனக்கு அது தமிழில் கேட்டது.
'இதை நிபந்தனையாக எழுதவா, அங்கிள்?'
எழுதிக்கொள் என்றேன்.

வாரியம் அடுத்த மாதம் கூடுகிறது.
நேற்று கிளம்பும்போது மிஸ்ஸி ஓர் ஐஸ்கட்டி தந்தாள்,
அட்டையில் இருபது மில்லி கழித்துக்கொண்டு.
கடிக்கவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
வேன் மலிவு வீடுகளைத் தாண்டியபோது
இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
மாடிதோறும் கொடி கொடியாகத் துணிகள்.
எது அவளுடையது என்று தெரியவில்லை.