இருபது நிமிடக் குளிர்காலம்

பெர்கனிலிருந்து ஆரூரன் ஒரு படம் அனுப்பினான்:
உறைபனிமேல் நடந்துபோகிற
சிறகில்லாத ஒரு பூச்சி.
கண்டுபிடிக்க நாலு மணித்தியாலமாம்.
"குளிரில் அதுகள் ஓடாது அக்கா,
கிட்டப் போகலாம்.
நீயும் குளிர்காலத்தில் தேடு."
போனில் கவ்வுகிற சின்ன வில்லையொன்றையும்
சொக்லேட் பெட்டிக்குள் வைத்து விட்டிருந்தான்.

சரி.
கொழும்பில் குளிர்காலம்
எந்த ஒழுங்கையில் இருக்கிறது?

கண்டுபிடித்துவிட்டேன்.
மார்கழி முடிகிற கிழமை,
பாமன்கடைக்குக் கீழே வாய்க்கால் கரையில்,
ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு பத்துவரை.
மாடிவீட்டுக் காவலாளி
காதை மூடித் துவாயைச் சுற்றியிருக்கிற,
பாண் ஓட்டோ
தன் ஒரே மெட்டை இன்னும் தொடங்காத
இருபது நிமிடம்.
அதற்குப் பிறகு வழக்கமான கொழும்பு,
பிடரியில் வியர்வையோடு.

முதல் நாள்
தும்பி என்று குந்தியிருந்து
பதினாறு தரம் எடுத்தது
ரொபித்தாளின் கிழிசல்.
இரண்டாம் நாள் புல் மட்டும் தெளிவு.
மூன்றாம் நாள் ஒரு கும்பிடுபூச்சி
என்னைத் திரும்பிப் பார்த்ததில்
மருந்துக்கடை முதலாளியின் சாயல்:
பிந்தி வந்ததற்குக் காரணம் கேட்கிற முகம்.
சிலந்திகளும் எடுத்தேன்.
எட்டுக் கால், கணக்கில் சேராது,
ஆனால் அசையாமல் இருக்கத் தெரிந்தவை.

மூச்சைப் பிடிக்கவேண்டும், அதுதான் முக்கியம் என்றான்.
அது எனக்கு எட்டு வயதிலேயே
பங்கருக்குள் பழகியது.
அதைப்பற்றி எழுத வரவில்லை இங்கே.

ஐந்தாம் நாள்
கோரைத் தண்டில் ஒரு சிவப்புத் தும்பி.
நித்திரை. உடம்பெல்லாம் பனி.
கண்ணோரத் துளியொன்றுக்குள்
எதிர்க்கரை மாடிவீடு தலைகீழாய்;
அதில் ஒரே ஒரு யன்னலில் லைற்.
யாரோ சோதனைக்குப் படிக்கிறார்கள்,
தும்பியின் கண்ணருகில் இருந்துகொண்டு.

போனை நெருக்கினேன்.
நாலு விரற்கடை. மூன்று.

"மொனவத கரன்னே?"

மோட்டார்சைக்கிள். இரண்டு பொலிஸ்காரர்.
வாய்க்காலுக்கு அப்பால் என்ன சுவர் இருக்கிறது,
எந்தக் கூரையில் என்ன கம்பி நிற்கிறது
என்று நான் பார்த்ததேயில்லை.
இப்போது பார்த்தேன்.
கை எனக்கு முன்னமே
அடையாள அட்டைக்குப் போயிருந்தது.
பெரியவர் எழுத்தெழுத்தாகக் கூட்டினார்:
வ, த, ன, ரூ, பி.
பிறந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

திரையைக் காட்டினேன்.
சிங்களத்தில் தும்பிக்கு என்ன சொல்?
இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில்;
காய்ச்சல், சளி, வயிற்றுவலி, கடுப்பு,
கடைக்கு வருகிற எல்லாவற்றுக்கும்
சொல் இருக்கிறது என்னிடம்,
இதற்கு இல்லை.

"பத்கூரெக்!"
சின்னவர் சொன்னார், மீசை சரியாக முளைக்காதவர்.
குனிந்தார். தன் ரோச்சை அடித்தார்,
பக்கவாட்டில், சரியான சரிவில்,
நான் ஐந்து நாளாய்ப் பிடிக்கமுடியாத வெளிச்சத்தை.

தும்பி நடுங்கத் தொடங்கியது.
பயமென்று நினைத்தேன்.
பறக்கமுன் உடம்பைச் சூடாக்குகிற நடுக்கம் அது
என்று ஆரூரன் பிறகு எழுதினான்.
என் கை நடுங்கியது எந்த வகையென்று
அவனிடம் நான் கேட்கவில்லை.

படத்தில்
ஆடுகிற ஒரு கோரை. கோடாய்ச் சிவப்பு.
மூலையில், ஊசிமுனைத் தெளிவில்,
ஒரு சப்பாத்துக் கயிறு.

போகும்போது சின்னவர் நம்பர் தந்தார்,
நல்லதாய் ஒன்று வந்தால் அனுப்பச் சொல்லி.
பத்கூரா என்று பதிந்து வைத்திருக்கிறேன்.

தை பிறந்தது.
குளிர்காலம் பன்னிரண்டு நிமிடமாகி, ஏழாகி,
ஒருநாள் போனபோது இல்லை.
அன்றைக்குக் கடை திறக்கப் போனால்
ஷட்டரில், பூட்டுக்குப் பக்கத்தில்,
சாம்பல் விட்டிலொன்று.
வெயில் ஏறிவிட்டது, பஸ்கள் உறுமுகின்றன,
அது ஒன்றுக்கும் அசையவில்லை.
திறப்பை வாயில் கவ்விக்கொண்டு எடுத்தேன்.
செட்டைப் பொடி ஒவ்வொன்றும் எண்ணலாம்.

முதலாளி வரும்வரை
கடையைத் திறக்காமல் நின்றேன்.

சின்னவருக்கு
இன்னும் அனுப்பவில்லை.