இருபது டிகிரி

அம்பர் என்ற பலகையைப் பார்த்து
திமிங்கலம் கக்கியதென்று
இரண்டு முறை போலீஸ் வந்துபோன கட்டடம்.
கீழக்கரை, ஐஸ் கம்பெனிக்குப் பின்சந்து.
மூன்றாவதாக நான் வருகிறேன்,
ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில்
பத்து லிட்டர் கேனோடு.

டிக்கெட் வேண்டாமென்றான் மஹ்தூம்.
"மரத்துப் பிசின்தான்க்கா, திமிங்கலமில்ல."
போலீசுக்குச் சொன்ன அதே வேகம்.
பிசின் எனக்குத் தெரியும்.
வேலிக்கருவை வெட்டினால்
மூன்று நாள் கையை விடாது.
இது நாலு கோடி வருஷமாய்
எதையோ விடாமலிருக்கிறது:
கடுகளவு கொசு, ஒரு கால் மடங்கியபடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நேற்றுச் சாக்கடையில் பிறந்தது ஒன்று
அதன் நேர்மேலே உட்கார்ந்திருந்தது.
அடிக்கக் கை ஓங்கினேன்.
கேமரா இருக்கு என்றான்.

பொத்தான், புகைக்குழல் வாய், தஸ்பீஹ் மணிகள்,
தேன் நிறத்தில் ஒரு மீன்.
செதில் செதிலாய் இழைத்தவன்
செவுளை வாலருகே வைத்துவிட்டான்.
கடலில்லாத ஊர்க்காரனாக இருக்கும்.
சொல்லவில்லை.

அசல் மிதக்கும், போலி முங்கும்.
பரிசோதிக்க அவன் முதலில்
கடலில் மொண்டு ஊற்றினானாம்.
எல்லாமே முங்கிவிட்டதாம்.
ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம்.
"கடல் மூணு டிகிரிதான் தம்பி.
எங்க வாலிநோக்கம் அளத்தில்
மூணாம் பாத்திக்கு வந்து பாரு,
வெயில் குடிச்சது போக இருபது."
மீட்டர் போடாமலே சொல்லும்
என் பாதவெடிப்பு.

ஊற்றினேன்.
இஸ்தான்புல் ரசீதோடு வந்த மாலையை
நூல் அவிழ்த்து
ஒவ்வொன்றாய் விட்டான்.
முப்பத்திரண்டு மிதந்தது.
ஒன்று
அவசரமில்லாமல் அடிக்குப் போனது.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கரண்டியால் எடுத்துத் துடைத்தான்,
ரசீதைப் பார்த்தான்,
அது இருந்த இடத்திலேயே கோர்த்தான்.
"எண்ணும்போது இதுவும் ஒண்ணுதானே."
நான் தலையாட்டினேனா, நினைவில்லை.

பிறகு, தொட்டிக்கும் ஓர் அட்டை வேண்டுமே,
என்ன எழுத என்றான்.
வாலிநோக்கம், மூணாம் பாத்தி, இருபது டிகிரி.
கொண்டுவந்தது?
முத்திருளாயி.
எழுதிவிட்டுப் பிழை பார்க்கச் சொன்னான்.
பிழையில்லை.
"தேதி போடு," என்றேன்,
"மூடாம விட்டா அடுத்த மாசம்
இது தண்ணியா இருக்காது."

வாசல்வரை வந்தவன்
கேனை மறந்துவிட்டான்.
திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.
அது கம்பெனி கேன்.